சார்ஜ் நிற்கவில்லையா? அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டறியும் வழிமுறை

“சார்ஜ் நிற்கவே மாட்டேன் என்கிறது” என்ற ஒரே புகாருக்குப் பின்னால் பல வேறு பிழைகள் ஒளிந்திருக்கின்றன. இரவு முழுவதும் மேசைமேல் சும்மா கிடந்த கைப்பேசி காலையில் கால்வாசி சார்ஜை இழந்திருப்பது ஒரு பிழை. கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மளமளவென்று இறங்குவது வேறொரு பிழை. திரையில் 30 சதவீதம் தெரியும்போதே அணைந்துபோவது இவ்விரண்டோடும் தொடர்பில்லாதது. ஆனால் இம்மூன்றுக்கும் பெரும்பாலோர் செய்யும் வைத்தியம் ஒன்றுதான்: அண்மையில் திறந்த செயலிகளின் பட்டியலை வரவழைத்து, ஒவ்வொன்றையும் மேலே தள்ளி மூடிவிடுவது. அது இம்மூன்றில் எதையும் தீர்ப்பதில்லை. சில வேளைகளில் நிலைமையை மோசமாக்கவும் செய்கிறது. ஆகவே இவ்வழிமுறை அறிகுறிவாரியாகச் செல்கிறது. உங்கள் கைப்பேசிக்குப் பொருந்தும் பகுதிக்கு நேரே போகலாம். அளவெடுப்பது பற்றிய முதல் பகுதியை மட்டும் தாண்டிவிட வேண்டாம்.

முதலில் அளவெடுங்கள்

எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன் ஓர் இரவுச் சோதனை செய்யுங்கள். படுக்கப் போகும்போது கைப்பேசியைச் சார்ஜரிலிருந்து எடுத்துவிட்டு, அப்போதைய சதவீதத்தைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும், வேறெதையும் திறக்காமல், மீண்டும் குறியுங்கள். ஏழெட்டு மணி நேரத்தில் ஐந்து சதவீதத்துக்குள் இறங்கியிருந்தால் கைப்பேசி ஒழுங்காக உறங்கியிருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன். பத்தைத் தாண்டினால் ஏதோ ஒன்று அதை இரவெல்லாம் தட்டி எழுப்பிக்கொண்டிருக்கிறது. இந்த ஒரே எண், சார்ஜ் திரை எரியும்போது போகிறதா, அணைந்திருக்கும்போது போகிறதா என்பதைப் பிரித்துக் காட்டிவிடும். மீதித் தேடலின் திசை அதைப் பொறுத்ததே.

அடுத்து, கைப்பேசியே வைத்திருக்கும் கணக்கைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குள் பேட்டரி, அதனுள் பேட்டரி உபயோகம் என்ற பகுதியில் இது இருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் சற்று மாறலாம். ஐபோனில் அமைப்புகளுக்குள் பேட்டரி என்பதைத் திறந்தால், வரைபடத்தில் குறிப்பிட்ட ஒரு மணி நேரத்தைத் தொட்டு அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று பார்க்கலாம். இந்தப் பட்டியலைப் படிப்பதில் ஒரு பிழை அடிக்கடி நேர்கிறது. ஐபோனிலும் பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் ஒரு செயலிக்கு நேராக 40 சதவீதம் என்று இருந்தால், அது பேட்டரியில் 40 சதவீதத்தைக் குடித்துவிட்டது என்று பொருளல்ல. செலவான சார்ஜில் அதன் பங்கு 40 சதவீதம் என்பதே பொருள். மொத்தச் செலவே பத்து சதவீதம்தான் என்றால் அச்செயலி எடுத்தது வெறும் நான்கு. மேலும், நாள் முழுவதும் ஒரு காணொளிச் செயலியையே பார்த்தவரின் பட்டியலில் அது முதலிடம் பிடிப்பது இயல்பு. நீங்கள் தேட வேண்டியது பயன்பாட்டுக்கும் செலவுக்கும் உள்ள பொருத்தமின்மையை, அதாவது திரையில் ஐந்து நிமிடமும் பின்னணியில் ஐந்து மணி நேரமும் ஓடியிருக்கும் செயலியை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரே மாலையில் பத்து அமைப்புகளை மாற்றினால், மறுநாள் சரியானாலும் எது சரிசெய்தது என்று தெரியாது. தேவையான வசதிகள் ஒன்பதை வீணாக அணைத்துவைத்துக்கொண்டு காலம் தள்ள வேண்டியதுதான்.

அறிகுறி: திரை அணைந்திருக்கும்போதே சார்ஜ் இறங்குகிறது

2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0 பதிப்பிலிருந்து ‘டோஸ்’ என்ற உறக்க ஏற்பாடு உள்ளது. கைப்பேசி சார்ஜரில் இல்லாமல், திரை அணைந்து, அசையாமல் சிறிது நேரம் கிடந்தால், செயலிகளின் இணையத் தொடர்பு துண்டிக்கப்படுகிறது. ஒத்திசைவு வேலைகளும் பெரும்பாலான நேரக்கெடு வேலைகளும் ஒத்திவைக்கப்பட்டு, இடையிடையே வரும் குறுகிய இடைவேளைகளில் மொத்தமாக முடிக்கப்படுகின்றன. நேரம் செல்லச் செல்ல அந்த இடைவேளைகள் தள்ளித் தள்ளி வருகின்றன. அடுத்த ஆண்டு வந்த 7.0 பதிப்பில் இதன் இலேசான வடிவம், கைப்பேசி பையில் ஆடிக்கொண்டிருக்கும்போதும் செயல்படும்படி விரிவாக்கப்பட்டது. ஐபோனில் பின்னணிச் செயலிகளுக்குக் கிடைக்கும் நேரம் தொடக்கத்திலிருந்தே இறுக்கமானது. ஆகவே, இவ்வளவு ஏற்பாட்டையும் மீறி இரவில் சார்ஜ் கரைகிறது என்றால், “எத்தனை செயலிகள் திறந்திருக்கின்றன” என்று கேட்பதில் பயனில்லை. “உறக்கத்தைக் கெடுப்பது எது” என்றே கேட்க வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்க நான் முதலில் செய்வது விமானப் பயன்முறைச் சோதனை. ஓர் இரவு விமானப் பயன்முறையை இயக்கிவிட்டு, வைஃபையும் புளூடூத்தும் அணைந்திருப்பதை உறுதிசெய்துகொண்டு, முன்பு போலவே இரு எண்களையும் குறியுங்கள். சார்ஜ் இறங்குவது ஏறக்குறைய நின்றுவிட்டால் பிழை வலைத்தொடர்பு சார்ந்தது. அப்படியானால் அடுத்த இரவு விமானப் பயன்முறையிலேயே வைஃபையை மட்டும் இயக்கிப் பாருங்கள். அப்போதும் சார்ஜ் நின்றால், இரவில் அதைத் தின்றது செல்பேசிக் கோபுரத்தைத் தேடும் ரேடியோ. வைஃபை வந்ததும் மீண்டும் இறங்கத் தொடங்கினால், ஏதோ ஒரு செயலி இணையத்தில் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறது. விமானப் பயன்முறையிலும் அதே வேகத்தில் இறங்கினால், ஒரு செயலி பிராசசரை விழித்திருக்கச் செய்கிறது, அல்லது பேட்டரியே தேய்ந்துவிட்டது. இரண்டு மூன்று இரவுகள் பிடிக்கும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அமைப்புகளை அணைத்துப் பார்ப்பதைவிட இதுவே விரைவில் விடை தருகிறது.

செயலிதான் காரணம் என்று தெரிந்தால், பேட்டரி உபயோகப் பட்டியலில் பின்னணி நேரம் அதிகமுள்ளதைத் திறந்து பாருங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் ஒவ்வொரு செயலிக்கும் பேட்டரி தொடர்பாக மூன்று நிலைகள் உள்ளன: கட்டுப்பாடு இல்லாதது, மேம்படுத்தப்பட்டது, கட்டுப்படுத்தப்பட்டது. நடுவில் உள்ளதே இயல்பு நிலை. பல செயலிகள் நிறுவும்போதே ஒரு சிறு பெட்டியைக் காட்டி, பின்னணியில் தடையின்றி இயங்க அனுமதி கேட்டு, தம்மை முதல் நிலைக்கு உயர்த்திக்கொண்டுவிடுகின்றன. அவசரத்தில் சரி என்று தொட்டது நமக்கு நினைவில் இருப்பதில்லை. அப்படிச் சலுகை பெற்ற செயலிகள் எவை என்று ஒருமுறை தேடிப் பார்த்து, தகுதியில்லாதவற்றை நடு நிலைக்கு இறக்குங்கள். விளையாட்டுகள், கடைச் செயலிகள், எப்போதோ ஒருமுறை திறக்கும் செயலிகள் ஆகியவற்றை மூன்றாம் நிலைக்கே தள்ளலாம். நடு நிலையில் இருப்பவற்றை 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் இயங்குதளமே கவனித்துக்கொள்கிறது: நீங்கள் ஒரு செயலியை எவ்வளவு அடிக்கடி திறக்கிறீர்கள் என்று பார்த்து அதை வகைப்படுத்தி, அரிதாகத் திறப்பவற்றுக்குப் பின்னணி நேரத்தைக் குறைத்துக்கொண்டே போகிறது.

ஆண்ட்ராய்டு 13 அல்லது அதற்குப் பின் வந்த பதிப்பு என்றால், திரையின் மேலிருந்து இருமுறை இழுத்து விரைவு அமைப்புகளை முழுமையாகத் திறந்து, அடியில் பாருங்கள். இக்கணம் பின்னணியில் தொடர்ந்து இயங்கும் செயலிகளின் எண்ணிக்கை அங்கே தெரியும். தொட்டால் பெயர்களும் நிறுத்தும் பொத்தானும் வரும். அணைக்க மறந்த வழிகாட்டி, பாதியில் நின்றுபோன கோப்புப் பதிவேற்றம், எப்போதோ இயக்கிய விபிஎன் போன்றவை இங்கேதான் கையும் களவுமாகப் பிடிபடும்.

இருப்பிட அனுமதியைத் தனியாகச் சரிபாருங்கள். எப்போதும் என்ற அனுமதி பெற்ற செயலிகளின் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றையும் பயன்படுத்தும்போது மட்டும் என்று மாற்றலாமா என யோசியுங்கள்; 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் இவ்விரண்டும் தனித்தனியே கேட்கப்படுகின்றன. குடும்பத்தினரோடு இருப்பிடத்தைப் பகிரும் செயலி போன்ற சிலவற்றுக்கே எப்போதும் என்பது உண்மையில் தேவை. வானிலைச் செயலிக்கு ஊரின் பெயரைக் கையால் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும்.

ஐபோனில் இவற்றுக்கு இணையாகப் பார்க்க வேண்டியவை இரண்டு. பொது அமைப்புகளுக்குள் உள்ள பின்னணிச் செயலிப் புதுப்பிப்பு என்ற வசதி 2013இன் ஐஓஎஸ் 7 முதல் இருக்கிறது. அதில் செயலிவாரியாகத் தேவையற்றவற்றை அணைக்கலாம். மின்னஞ்சல் கணக்குகள் குறிப்பிட்ட இடைவெளியில் தாமே சென்று கடிதம் தேடும்படி அமைந்திருந்தால், இடைவெளியைக் கூட்டுங்கள். அவசரமில்லாத கணக்கைக் கையால் புதுப்பிக்கும் முறைக்கு மாற்றுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் குற்றவாளி அகப்படவில்லை என்றால், ஓர் இரவைப் பாதுகாப்புப் பயன்முறையில் கழிக்கச் செய்யுங்கள். பல கைப்பேசிகளில் பவர் பட்டியலை வரவழைத்து, அணைக்கும் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் அதற்கான கேள்வி வரும். அப்பயன்முறையில் நீங்கள் நிறுவிய செயலிகள் எதுவும் இயங்காது. அப்போது சார்ஜ் நின்றால், அண்மையில் நிறுவியவற்றிலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்பது மட்டுமே மிச்சம். காலை அலாரம் நீங்கள் நிறுவிய செயலியில் இருந்தால், அந்த ஓர் இரவுக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

இடையில் ஒரு கேள்வி: எல்லாச் செயலிகளையும் மூடிவிட்டால் என்ன?

அண்மைச் செயலிகளின் பட்டியலில் தெரிபவை எல்லாம் ஓடிக்கொண்டிருப்பவை அல்ல. நீங்கள் கடைசியாக விட்ட இடத்தின் படமே பெரும்பாலும் அங்கே நிற்கிறது. செயலியின் தரவு ராம் நினைவகத்தில் உறைந்து கிடக்கும். 2023இன் ஆண்ட்ராய்டு 14 அத்தகைய செயலிகளுக்குப் பிராசசர் நேரமே கிடைக்காதபடி அவற்றைச் சிறிது நேரத்தில் உறையவைத்துவிடுகிறது. ராம் நினைவகம் நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் அதைத் தக்கவைக்க ஏறக்குறைய ஒரே அளவு மின்சாரமே தேவைப்படுகிறது. எனவே அதைக் காலி செய்வதால் சேமிப்பு இல்லை. மாறாக, தள்ளி மூடிய செயலியைப் பத்து நிமிடத்தில் மறுபடியும் திறந்தால், சேமிப்பகத்திலிருந்து முழுவதையும் ஏற்றி, இணையத்திலிருந்து மீண்டும் தரவு இறக்கி, முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. 2016இல் ஒரு பயனர் ஆப்பிள் நிறுவனத்துக்கு இதே கேள்வியை மின்னஞ்சலில் எழுப்பியபோது, அதன் மென்பொருள் பிரிவுத் தலைவர் கிரெய்க் ஃபெடெரிகி, தேவையில்லை என்றே பதில் எழுதினார். செயலி உறைந்து நின்று தொடுதலுக்கு அசையாதபோது மூடுவது வேறு. அதற்காகவே அவ்வசதி இருக்கிறது.

ராம் நினைவகத்தைத் துப்புரவாக்குவதாகவும் பேட்டரி ஆயுளை இரட்டிப்பாக்குவதாகவும் கூறும் செயலிகளைப் பற்றி நான் நயமாகச் சொல்ல ஒன்றுமில்லை. மற்றவற்றைக் கொல்வதற்காகத் தாம் எப்போதும் விழித்திருக்கும் இவை, கொன்றவை மீண்டும் எழ, எழுந்தவற்றை மீண்டும் கொன்று, கைப்பேசியை உறங்கவே விடுவதில்லை. இருந்தால் நீக்கிவிட்டு இரவுச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

அறிகுறி: பட்டியலின் உச்சியில் கூகுள் பிளே சர்வீசஸ் அல்லது இயங்குதளத்தின் பெயர் நிற்கிறது

இவை பிற செயலிகளுக்காக வேலை செய்பவை. இருப்பிடம் கேட்பது, அறிவிப்பைக் கொண்டுவந்து சேர்ப்பது, கணக்குகளை ஒத்திசைப்பது போன்றவை எந்தச் செயலிக்காக நடந்தாலும் செலவு பெரும்பாலும் இவற்றின் கணக்கில் விழுகிறது. ஆகவே இவற்றை முடக்க முயல வேண்டாம். இவற்றை வேலை வாங்குவது யார் என்று தேடுங்கள். முதலில் கணக்குகள் பகுதிக்குச் சென்று, ஒவ்வொரு கணக்கும் கடைசியாக எப்போது ஒத்திசைந்தது என்று பாருங்கள். கடவுச்சொல் மாற்றிய பிறகு கைப்பேசியில் புதுப்பிக்காமல் விட்ட கணக்கு, தோற்றுத் தோற்று மீண்டும் முயன்றுகொண்டே இருப்பதுண்டு. சேமிப்பிடம் நிறைந்துபோனதால் முடியாமல் தொங்கும் புகைப்படக் காப்பும் அப்படித்தான். கணக்கை நீக்கிச் சேர்க்கும் முன், தொடர்பு எண்கள் இணையத்தில் பத்திரமாக இருக்கின்றனவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

அறிகுறி: இரவில் நிற்கிறது, ஆனால் கையில் எடுத்தால் இறங்குகிறது

இங்கே பின்னணிச் செயலிகளைத் தேடுவது வீண்வேலை. செலவாளிகள் இருவர்: திரையும் ரேடியோவும்.

திரையின் வெளிச்சமே முதல் கணக்கு. தானியங்கு வெளிச்சத்தை இயக்கிவைப்பதும், திரை தானாக அணையும் நேரத்தை முப்பது நொடிக்குக் குறைப்பதும் வேறெந்த நுட்பத்தையும்விடப் பயன் தரும். இருண்ட தோற்றத்தைப் பற்றி மிகையான நம்பிக்கை நிலவுகிறது. எல்சிடி திரையில் பின்னொளி எப்போதும் எரிவதால், கறுப்பாக்கினாலும் சேமிப்பு ஏறக்குறைய இல்லை. ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் கறுப்புப் புள்ளி அணைந்தே இருக்கும். ஆனால் அங்கும் வெளிச்ச அளவைப் பொறுத்தே பலன் அமைகிறது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட அளவீட்டின்படி, வெளிச்சம் முழு அளவில் இருக்கும்போது இருண்ட தோற்றத்துக்கு மாறினால் சராசரியாக 39 முதல் 47 சதவீதம் வரை மின்சாரம் மிச்சமாகிறது; பலரும் வீட்டுக்குள் வைத்திருக்கும் 30 முதல் 50 சதவீத வெளிச்சத்திலோ மிச்சம் 3 முதல் 9 சதவீதம் மட்டுமே. வெயிலில் நின்று பார்ப்பவருக்கு அது மருந்து. அறைக்குள் இருப்பவருக்கு அது அலங்காரம். திரை நொடிக்கு 120 முறை புதுப்பிக்கப்படும் கைப்பேசிகளில் அதை 60க்குக் குறைப்பதும் உதவும். அந்த வழுவழுப்புக்குப் பழகிய கண்ணுக்கு அது பிடிக்காது என்பது வேறு செய்தி.

ரேடியோவின் செலவு கண்ணுக்குத் தெரியாதது. அதனாலேயே அதை யாரும் சந்தேகிப்பதில்லை. கோபுரம் தொலைவில் இருந்தாலோ, நடுவில் தடித்த சுவர்கள் இருந்தாலோ, கைப்பேசி தன் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருக்கிறது. பெரும்பாலான கைப்பேசிகள் ஏறக்குறைய 200 மில்லிவாட் வரை தம் அலைபரப்பும் திறனைக் கூட்டிக்கொள்ளும். அதைப் பிறப்பிக்கப் பேட்டரியிலிருந்து எடுப்பது இன்னும் பல மடங்கு. திரையின் மூலையில் தெரியும் கோடுகளை நம்பாமல், ஆண்ட்ராய்டில் சிம் நிலை என்ற பகுதியில், வந்து சேரும் அலையின் வலிமையைக் காட்டும் டிபிஎம் எண்ணைப் பாருங்கள். அது எதிர்மறை எண். −85 நல்லது, −115 மிக நலிந்தது. பத்து குறைந்தால் வந்து சேரும் அலையின் திறன் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள். குறிப்பிட்ட ஓர் அறையில் அல்லது ஒரு பயணப் பாதையில் மட்டும் சார்ஜ் இறங்குவதாகத் தோன்றினால், ஐயமின்றி இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அங்கே வைஃபை இருந்தால் அழைப்புகளையும் வைஃபை வழியே எடுக்கலாம். 5ஜி விட்டுவிட்டுக் கிடைக்கும் இடமென்றால் 4ஜியிலேயே நிறுத்திவையுங்கள். பல வலையமைப்புகளில் 5ஜி இணைப்பு 4ஜியின் துணையோடுதான் நிற்கிறது என்பதால், இரு ரேடியோக்களும் ஒருசேர இயங்க வேண்டியிருக்கிறது. புளூடூத்தை நொடிக்கு நொடி அணைத்துக்கொண்டிருப்பவர்கள் அந்தச் சிரமத்தை விட்டுவிடலாம்; அது எடுப்பது மிகச் சொற்பம்.

அறிகுறி: கைப்பேசி சூடாகிறது

விளையாட்டு, காணொளி அழைப்பு, சார்ஜ் ஏற்றுவது, ஹாட்ஸ்பாட் ஆகியவற்றின்போது சூடாவது இயல்பு. எதுவும் செய்யாமல் பையில் இருக்கும்போது சூடானால், பிராசசர் எதையோ அரைத்துக்கொண்டிருக்கிறது. ஒருமுறை முழுமையாக அணைத்து இயக்கிவிட்டு, மேலே சொன்ன பின்னணிச் சோதனைகளுக்குச் செல்லுங்கள்.

வெப்பம் வெறும் அறிகுறி மட்டுமன்று. தானே ஒரு காரணமுமாகும். லித்தியம் அயனிப் பேட்டரிக்குள் மின்முனைமீது படிந்துவரும் படலம் வெப்பத்தில் விரைவாகத் தடிக்கிறது; அப்படலத்துக்குள் சிக்கிய லித்தியம் மறுபடி சார்ஜைச் சுமக்க வருவதில்லை. ஐபோனுக்கு ஆப்பிள் பரிந்துரைக்கும் சுற்றுப்புற வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை. நிறைந்த சார்ஜும் மிகுந்த வெப்பமும் சேர்வதுதான் மிகக் கெடுதல். வெயிலில் நிற்கும் வாகனத்தின் முகப்பில் கைப்பேசியைச் சார்ஜரில் மாட்டி, வழிகாட்டியையும் ஓடவிடுவது அத்தனை கேடுகளையும் ஒன்றுசேர்க்கும் ஏற்பாடு. உறைபனிக் குளிரிலோ இறங்குவதைவிட ஏற்றுவதே தீங்கு, ஏனெனில் அப்போது லித்தியம் மின்முனைக்குள் புகாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படியக்கூடும்.

அறிகுறி: 20 அல்லது 30 சதவீதத்திலேயே அணைந்துவிடுகிறது

இதற்கும் செயலிகளுக்கும் தொடர்பில்லை. இது பேட்டரியின் முதுமை. பழைய பேட்டரியில் கொள்ளளவு குறைவதோடு உள்தடையும் கூடுகிறது. கேமரா திறப்பது போன்ற திடீர்த் தேவை எழுந்ததும் மின்னழுத்தம் சட்டெனச் சரிந்து, தேவையான அளவுக்குக் கீழே போக, கைப்பேசி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது. குளிரில் இது மேலும் எளிதாக நிகழும். இப்படி அணைவதைத் தவிர்க்கவே பழைய பேட்டரியுள்ள ஐபோன்களின் வேகத்தைத் தாம் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. அதையொட்டி எழுந்த எதிர்ப்புக்குப் பின், 2018 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 11.3 முதல் பேட்டரியின் நலத்தைப் பயனரே பார்க்கும் வசதி வந்தது.

ஆகவே, புதிதாக இருந்தபோதைய கொள்ளளவில் எத்தனை சதவீதம் மிச்சமிருக்கிறது என்று அங்கே காட்டும் எண்ணைப் பாருங்கள். 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மாற்றுவதே வழி. ஐபோன் 14 வரையிலானவற்றின் பேட்டரி 500 முழுச் சுழற்சிகளுக்குப் பிறகும், ஐபோன் 15 வரிசையின் பேட்டரி 1000 சுழற்சிகளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டுள்ளதாக ஆப்பிள் கூறுகிறது. பாதி பாதியாக இருமுறை ஏற்றினால் அது ஒரு சுழற்சியாகவே கணக்கிடப்படும் என்பதால், அடிக்கடி சிறிது சிறிதாக ஏற்றுவதில் தவறில்லை.

பேட்டரி புதிதாக இருந்தும் எண் மட்டும் குதித்தால், சார்ஜை அளக்கும் கணக்கு பிசகியிருக்கலாம். ஒரே ஒருமுறை, தானே அணையும் வரை பயன்படுத்திவிட்டு, இடையில் எடுக்காமல் நூறு வரை ஏற்றுங்கள். இதை மாதாந்திர வழக்கமாக்க வேண்டாம்; முழுதும் வடிப்பது பேட்டரியை விரைவில் தேய்க்கும்.

அறிகுறி: சார்ஜ் நிற்கிறது, ஆனால் செய்திகள் தாமதமாக வருகின்றன

இது அளவுக்கு மீறிய வைத்தியத்தின் விளைவு. நானும் இதில் சிக்கியிருக்கிறேன். மின்னஞ்சல் செயலியை ஆழ்ந்த உறக்கப் பட்டியலில் சேர்த்துவிட்டு அதை மறந்து, ஒரு வாரம் முழுவதும் இணைய இணைப்பைத்தான் குறைசொல்லிக்கொண்டிருந்தேன்.

செயலியைத் திறந்த கணத்தில் செய்திகள் குபுகுபுவென்று வந்து கொட்டினால் கட்டுப்பாடுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்லலாம். ஒழுங்காக எழுதப்பட்ட உரையாடல் செயலி, செய்தி வந்திருக்கிறதா என்று தானே போய்ப் பார்ப்பதில்லை. கூகுள் அல்லது ஆப்பிளின் பொதுவான அறிவிப்புத் தடம் அதை எழுப்பிவிடுகிறது. முக்கியம் என்று குறிக்கப்பட்ட அறிவிப்புகளை டோஸ் உறக்கம்கூடத் தடுப்பதில்லை. ஆனால் ஆண்ட்ராய்டில் உடனே நிறுத்து என்ற பொத்தானால் நிறுத்தப்பட்ட செயலிக்கு, நீங்களே மறுபடி திறக்கும் வரை அந்தத் தடத்தின் வழியாகவும் எதுவும் வந்து சேராது. சில நிறுவனங்களின் கைப்பேசிகளில் பட்டியலிலிருந்து தள்ளி மூடுவதே உடனே நிறுத்துவதற்கு ஒப்பாகிவிடுகிறது. ஐபோனில் தள்ளி மூடினால் அறிவிப்புகள் வரும். பின்னணிப் புதுப்பிப்பு மட்டும், அச்செயலியை மீண்டும் திறக்கும் வரை நிற்கும்.

அடுத்தடுத்துப் பார்க்க வேண்டியவை இவை. பேட்டரி சேமிப்பான் நாள் முழுவதும் இயங்கிக்கொண்டிருக்கிறதா? செயலியின் பேட்டரி நிலை கட்டுப்படுத்தப்பட்டது என்று உள்ளதா? சாம்சங் கைப்பேசியென்றால் உறங்கும் செயலிகள், ஆழ்ந்து உறங்கும் செயலிகள் என்ற பட்டியல்களில் அது சேர்ந்திருக்கிறதா? சியோமி கைப்பேசியென்றால் தானாகத் தொடங்கும் அனுமதி அதற்கு இருக்கிறதா? டேட்டா சேமிப்பான் தடுக்கிறதா? ஆண்ட்ராய்டு 13 முதல் அறிவிப்பு அனுப்பவே செயலி தனி அனுமதி பெற வேண்டும் என்பதால், அதையும் பாருங்கள். சில மாதங்கள் திறக்கப்படாத செயலியை ஆண்ட்ராய்டு 12 முதல் இயங்குதளமே நீள்துயிலில் ஆழ்த்தி, அதன் அனுமதிகளையும் திரும்பப் பெற்றுக்கொள்ளும். எப்போதாவது ஒருமுறை மட்டுமே எச்சரிக்கை அனுப்ப வேண்டிய செயலிகள் இதனால் ஊமையாகிவிடுவதுண்டு.

தடையற்ற நிலையை எவற்றுக்கு அளிக்கலாம்? மருந்து நினைவூட்டி, உடல்நலக் கருவியோடு பேசும் செயலி, வேலை தொடர்பான அழைப்புகள் வரும் செயலி என்று ஐந்துக்குள் நிறுத்திக்கொள்வது என் வழக்கம். கைப்பேசியோடு வரும் அலாரத்தைக் குறித்துக் கவலை வேண்டாம். அது டோஸ் உறக்கத்திலும் ஒலிக்கும்.

அறிகுறி: இயங்குதளத்தைப் புதுப்பித்ததிலிருந்து இறங்குகிறது

இரண்டு மூன்று நாள் பொறுத்திருங்கள். புதுப்பித்தபின் கைப்பேசி எல்லாச் செயலிகளையும் மறுபடி தயார்ப்படுத்தி, புகைப்படங்களை ஆராய்ந்து, தேடல் அட்டவணையைப் புதிதாகக் கட்டுகிறது. இரவில் சார்ஜரிலும் வைஃபையிலும் விட்டுவைத்தால் இவை விரைவில் முடியும். ஒரு வாரம் கடந்தும் மாறவில்லை என்றால் செயலிகளைப் புதுப்பித்துவிட்டு, இரவுச் சோதனையிலிருந்து தொடங்குங்கள்.

அறிகுறி: சார்ஜ் ஏறுவதே மெதுவாக இருக்கிறது, அல்லது 80இல் நின்றுவிடுகிறது

80இல் நிற்பது பெரும்பாலும் பிழையன்று. 2019இன் ஐஓஎஸ் 13 முதல் ஐபோன் உங்கள் வழக்கத்தைக் கற்று, நீங்கள் எழும் நேரத்தை ஒட்டியே கடைசி 20 சதவீதத்தை ஏற்றுகிறது. பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் இத்தகைய ஏற்பாடோ 80இல் நிறுத்தும் வரம்போ உண்டு. விரைவுச் சார்ஜிலும் மேல்பகுதி மெதுவாகவே ஏறும், ஏனெனில் மின்னழுத்தம் உச்சத்தைத் தொட்டபின் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே வருவதுதான் இப்பேட்டரிகளுக்குப் பாதுகாப்பு.

தொடக்கத்திலிருந்தே மெதுவாக ஏறினால் வேறொரு கேபிளைப் போட்டுப் பாருங்கள்; பெரும்பாலும் குற்றம் அங்கேதான். கணினியின் சாதாரண யூஎஸ்பி 2.0 துளை தருவது 2.5 வாட் மட்டுமே. 5000 மில்லிஆம்பியர்-மணிப் பேட்டரியில் ஏறக்குறைய 19 வாட்-மணி அடங்கும் என்பதால், ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்தால், அதை அவ்வழியே நிரப்ப எட்டு மணி நேரத்துக்கும் மேலாகும். கேபிள் ஆடுகிறது, முழுதாக உள்ளே போகவில்லை என்றால், பையில் சேர்ந்த பஞ்சுத் துகள் துளைக்குள் கெட்டியாகியிருக்கும். கைப்பேசியை அணைத்துவிட்டு, உலோகம் படாமல், மரக்குச்சியால் மெதுவாக எடுங்கள்.

அறிகுறி: பின்மூடி உப்பியிருக்கிறது, அல்லது திரை விளிம்பில் எழும்பி நிற்கிறது

இங்கே சோதனை எதுவும் இல்லை. சிதைந்த பேட்டரிக்குள் வாயு சேர்ந்துவிட்டது. சார்ஜரிலிருந்து எடுத்து, கைப்பேசியை அணைத்து, எளிதில் தீப்பற்றும் பொருள்களிலிருந்து விலக்கிவையுங்கள். அழுத்தவோ, குத்தவோ, நீங்களே கழற்றவோ வேண்டாம். குப்பையில் போடவும் வேண்டாம். பேட்டரி மாற்றும் பயிற்சி பெற்றவரிடம், உப்பியிருக்கிறது என்று முதலிலேயே சொல்லி, ஒப்படைத்துவிடுங்கள்.